படத்தில் நிற்கும் மற்றப் பெடியன்

நான் எழுதிய ஒரு வாக்கியம் பிழை என்று அவள் வந்து சொன்னாள். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம் தொடங்கியது.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் தமிழ்ப் பெண்கள் கூடுவார்கள். கொஞ்சம் உடற்பயிற்சி, தேநீர், அரச உதவிப்பணத்துக்கான பெனிபிட் படிவம் நிரப்ப உதவி. அந்த மாதம் அங்கே ஒரு சிறு கண்காட்சியும் இருந்தது. ஆண் வேடமிட்டுப் படையில் சேர்ந்த பெண்களைப் பற்றிய எட்டுப் பதாகைகள். தமிழ் விளக்கங்களை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். இருபத்தைந்து வருடம் பத்திரிகையில் மற்றவர்களின் வாக்கியங்களைத் திருத்தியவள் என்பதால் என்னைக் கேட்டார்கள்.

பதாகைகளில் இருந்த கதைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. ஒருத்தி கணவனைத் தேடிப் போகிறாள், ஒருத்தி சம்பளத்துக்காக, இன்னொருத்தி வீட்டில் இருக்கப் பிடிக்காமல். முடியை வெட்டி, மார்பை இறுக்கிக் கட்டி, ஏதோ ஓர் ஆண் பெயரைச் சொல்லிச் சேர்கிறாள். வருடக்கணக்கில் நடக்கிறாள், சுடுகிறாள், காயப்படுகிறாள். மருத்துவர் சட்டையைக் கழற்றும்போது விஷயம் வெளியே வருகிறது. மறுவாரம் பத்திரிகையில் செய்தி. அப்படி ஒரு பதாகையில், “உடன் இருந்த ஒருவருக்கும் அவள் பெண் என்பது தெரியாது” என்று எழுதியிருந்தேன். ஆங்கில மூலத்திலும் அப்படித்தான் இருந்தது.

தேநீர் நேரத்தில் பெண்கள் பதாகைகளைச் சுற்றி நின்றார்கள்.

“ஆம்பிளை வேலையும் சேர்த்துத்தானே நாங்களும் செய்யிறம். எங்கட படத்தை ஏன் போடேல்லை?” என்று ஒருவர் கேட்டார்.

“உனக்கு மீசையும் கிடக்கு. வேசமே தேவையில்லை,” என்றார் பக்கத்தில் நின்றவர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் வாசித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வேலை செய்பவள். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்ததால் தலைமயிருக்குப் போடும் வலையின் கோடு நெற்றியில் இன்னும் பதிந்திருந்தது. என்னைவிட ஐந்தாறு வயது இளையவள், முதல் நாளிலிருந்தே அக்கா என்று அழைத்தவள். அதனால் இங்கே அவள் என்றே எழுதுகிறேன்.

“அக்கா, இதை எழுதினது நீங்களோ?”

“ஓம்.”

“இது பிழை. ஒருத்தருக்கும் தெரியாமல் இருக்கேலாது. ஒரு ஆளுக்காவது தெரியவேணும். இல்லாட்டி ரெண்டு மாதம் தாங்காது.”

தொழில் பழக்கத்தில் நான் கேட்டேன்: “எங்க வாசிச்சனீங்கள்?”

“வாசிக்கேல்லை,” என்றாள். தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளே என்னோடு நடந்து வந்தாள். வான்டில் ஆற்றங்கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். அவள் சொன்னதை நான் குறிப்பெடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்பதுதான் அவளுடைய முதல் நிபந்தனை.

எண்பதுகளில், அவளுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, அவளுடைய தமையனை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. ஊரில் ஆட்சேர்த்துக்கொண்டிருந்த ஒரு சிறிய ஆயுத இயக்கம், பயிற்சிக்குப் போகும் படகில் பெண்களை ஏற்றமாட்டோம் என்றது. இன்று அந்த இயக்கத்தின் பெயர்கூடப் பலருக்கு நினைவில்லை. அவள் முடியை ஒட்ட வெட்டி, தமையனின் சேர்ட்டையும் காற்சட்டையையும் போட்டுக்கொண்டு, வேறோர் ஊர்ப் பெடியன் என்று சொல்லிப் படகில் ஏறினாள். தமிழ்நாட்டுக் கரையில், சவுக்குத் தோப்புக்குள் ஒரு முகாம். முப்பது பெடியள், நான்கு கொட்டில்கள். அங்கே ஐந்து மாதம் இருந்து துப்பாக்கிப் பயிற்சி எடுத்தாள்.

“குரல்தான் கஷ்டம். அதால கதைக்கிறதை விட்டிட்டன். ஊமையன் எண்டுதான் கூப்பிடுவாங்கள். ஓடுறதில, மரம் ஏறுறதில நான் ஒருத்தனுக்கும் பின்னுக்கில்லை. துவக்கு எனக்குப் பாரமாயே இருக்கேல்லை. எங்கட வீட்டுக் கிணத்து வாளி அதைவிடப் பாரம்.”

முகாமில் மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பாக ஒரு பெடியன் இருந்தான். பத்தொன்பது வயது. காயத்துக்குக் கட்டும் துணிச்சுருள்கள் குறைவதை அவன்தான் முதலில் கவனித்தான். ஒருவருக்கும் காயமில்லாத மாதத்தில் இரண்டு சுருள்கள் காணாமற் போயின. அடுத்த மாதமும் அதே நாட்களில். அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் கேட்கவில்லை. மூன்றாவது மாதம், அவள் படுக்கும் பாயின் கீழ் இரண்டு சுருள்கள் இருந்தன.

“நான் குளிக்கேக்க கிணத்தடியில நிண்டு பாடுவான். பாட்டு நிண்டால் ஆரோ வருகினம் எண்டு அர்த்தம். நல்லாப் பாடமாட்டான், அக்கா. கழுதை மாதிரிக் கத்துவான். ஆனால் நிப்பாட்டமாட்டான்.”

ஐந்தாவது மாதம் அவனுக்குச் செங்கண்மாரி வந்தது. கண் மஞ்சளாகி, சாப்பாடு இறங்காமல் கிடந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் வரும் என்று இரண்டு நாள் சொன்னார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் செத்துப்போனான். ஒரு வாரத்துக்குள் அவள் பொறுப்பாளரிடம் போய்த் தானே உண்மையைச் சொன்னாள். ஒரு சேலையை வாங்கிக் கொடுத்து அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

“ஏன் சொன்னீங்கள்?” என்று கேட்டேன்.

“பாட ஆளில்லையே,” என்றாள்.

நான் வீட்டுக்குப் போய் எட்டுப் பதாகைகளின் ஆங்கில மூலத்தையும் மறுபடி வாசித்தேன். அவை எல்லாம் பிடிபட்ட பிறகு எழுதப்பட்டவை: மருத்துவரின் குறிப்பு, விசாரணை, செய்தி. தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தவர்கள் ஆவணத்தில் வரமாட்டார்கள். வந்தால் அவர்களும் குற்றவாளிகள். என் வாக்கியத்தை, “உடன் இருந்தவர்களில் யாருக்குத் தெரிந்திருந்தது என்பதற்குப் பதிவு இல்லை” என்று மாற்றி அனுப்பினேன்.

ஆனால் அவள் இதையெல்லாம் என்னிடம் சொன்னது ஒரு விளக்கக் குறிப்புக்காக அல்ல. அந்தப் பெடியனின் தாயார் லண்டனில் இருந்தார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு பிரான்சிலிருந்து பிளேஸ்டோவுக்கு, மகளிடம் வந்தவர் அவர். ஒவ்வொரு வருடமும், போராட்டத்தில் இறந்தவர்களுக்கு நினைவுநாள் நடக்கும் மண்டபத்துக்குப் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு படத்தோடு வருவார். ஸ்டூடியோவில் எடுத்த படம்: தோளில் கை போட்டபடி இரண்டு பெடியள். ஒருவன் அவருடைய மகன். மகன் அந்தப் படத்தோடு அனுப்பிய கடைசிக் கடிதத்தில், எனக்கு ஏதும் நடந்தால் இவனைக் கேளுங்கோ, இவனுக்கு எல்லாம் தெரியும் என்று எழுதியிருந்தான். தாயார் படத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் இருக்கும் பக்கம் வரிசை வரிசையாகப் போவார். தம்பி, இந்தப் பெடியனைத் தெரியுமோ என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். மண்டபத்தில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். தேநீர் போடும் குசினிப் பக்கம் அவர் ஒருநாளும் வந்து கேட்டதில்லை.

குசினியில்தான் இவள் நின்றாள்.

“மூண்டு வரியம் அவவுக்குத் தேத்தண்ணி குடுத்தனான்,” என்றாள். “அவ கேக்கிறது திகதியைத்தான், அக்கா. எண்டைக்குச் செத்தவன் எண்டு தெரியாது. திதி தெரியாமல் திவசம் குடுக்கேலாமல் நிக்கிறா.”

“உங்களுக்குத் திகதி தெரியுமோ?”

“எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவைக்கு இண்டைக்கு என்ன கிழமை எண்டே தெரியாது. எனக்கு நாள் எண்ணாமல் இருக்கேலாது. கொப்பி மட்டையின்ர உள்பக்கம் ஒவ்வொரு நாளும் ஒரு கீறு போட்டனான். அவன் செத்த நாளைக்கும் போட்டனான். அமாவாசை கழிஞ்சு மூண்டாம் நாள்.”

திகதியைச் சொன்னாள். அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

அவள் என்னிடம் கேட்டது இதுதான்: அந்தத் திகதியை நான் போய்த் தாயாரிடம் சொல்லவேண்டும். பழைய பேப்பர் ஒன்றில் பார்த்ததாகச் சொல்லவேண்டும். “நீங்கள் பேப்பர்காரி. நம்புவா.”

ஏன் நேரே போகக் கூடாது என்று கேட்டேன். அவளுடைய கணவர் ஜேர்மனியிலிருந்து வந்தவர், தோர்ண்டன் ஹீத்தில் கார் திருத்தும் கடை வைத்திருக்கிறார். அவள் சில மாதம் அக்கரையில் அகதியாக இருந்தாள் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அஞ்சு மாதம் பெடியளோட ஒரு கொட்டிலுக்க படுத்தவள் எண்டுதான் சொல்லுவினம். துவக்குப் பிடிச்சவள் எண்டு ஒருத்தரும் சொல்லாயினம்.”

பத்திரிகையில் நான் கற்றுக்கொண்ட விதி ஒன்று உண்டு. தகவல் தந்தவரை மறைக்கலாம், இல்லாத ஒருவரை உண்டாக்கக் கூடாது. அதனால் பழைய பேப்பர் என்று சொல்ல மறுத்தேன். அங்கே இருந்த ஒருவர் சொன்னார், பெயர் சொல்ல விரும்பவில்லை என்று மட்டும் சொல்வதாக ஒத்துக்கொண்டேன். அது போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

பிளேஸ்டோவில் அந்த வீட்டுக்குத் தனியே போனேன். தாயாருக்கு எண்பது வயது. மெலிந்த, நிமிர்ந்து இருக்கிற பெண்மணி. நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். திகதியைச் சொன்னபோது முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“இதோட நாலு திகதி, பிள்ளை,” என்றார். “பாரிசில கோயிலில ஒருத்தர் சொன்னார். பிறகு கடிதத்தில ஒண்டு. பிறகு போனில ஒண்டு. எல்லாரும் அங்க நிண்டவைதான். ஒருத்தருக்கும் பேர் இல்லை.”

தாயார் நான்கு விரல்களை மடக்கிக் காட்டினார்.

“முதல் திகதியை நம்பித் திவசம் குடுத்தனான். ஐயரைக் கூப்பிட்டு, சமைச்சு, படைச்சு. அடுத்த வரியம் ஒராள் வந்து சொல்லுறார், அந்த நாளில உங்கட மகன் உயிரோட நிண்டவன், நான் கண்டனான் எண்டு. உயிரோட இருந்த பிள்ளைக்குத் திவசம் குடுத்த தாய் நான். இன்னொருக்கா அதைச் செய்யமாட்டன்.”

அந்தப் படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். மற்றப் பெடியனின் காதை விரலால் தொட்டுக் காட்டினார். காதுச்சோணையில் சிறிய துளை தெரிந்தது.

“காது குத்தின பெடியன். ஏதோ நேத்திக்கடனுக்குக் குத்தியிருப்பினம். இப்ப அறுபது வயது வரும். நான் ஆம்பிளையளைக் கண்டால் முதல் காதைத்தான் பார்க்கிறது. அவனை வரச் சொல்லு. அவன் சொன்னால் நம்புவன்.”

திரும்பி வந்து எல்லாவற்றையும் போனில் அவளிடம் சொன்னேன். உயிரோடு இருந்த பிள்ளைக்குத் திவசம் என்ற பகுதியையும் விடவில்லை. விட்டிருக்கலாம் என்று பிறகு யோசித்தேன். ஆனால் தாயார் மறுத்ததன் காரணமே அதுதான். அவள் போனை வைத்துவிட்டாள். வியாழக்கிழமை அவளே எடுத்தாள்.

“ஞாயிற்றுக்கிழமை என்ர மனுசன் கடையில நிப்பார். வாறியளோ?”

பாங்க் வரை நோர்தேர்ன் லைன் ரயிலில் போய், மொனுமென்டுக்கு நடந்து, டிஸ்ட்ரிக்ட் லைன் எடுத்தோம். வழியில் அவள் ஒரு முறைதான் பேசினாள். “எங்கயிருந்து தொடங்கிறதெண்டே தெரியேல்லை,” என்றாள். எங்களுக்கு முன்னால் இருந்த குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். பிளேஸ்டோவில் இறங்கியதும் நடைபாதையில் நின்று தலைமயிரைப் பின்னால் இறுக்கிக் கட்டினாள்.

தாயாரே கதவைத் திறந்தார்.

“ஆர் பிள்ளை இது?” என்று என்னைக் கேட்டார்.

நான் பேசுவதில்லை என்று முதலே ஒத்துக்கொண்டிருந்தோம்.

“நீங்கள் தேடுற ஆள் நான்தான், அம்மா. படத்தில நிக்கிறது.”

“விளையாடாத. நான் ஒரு பெடியனைத் தேடுறன்.”

“அது நான்தான்.”

தாயார் உள்ளே போய் மூக்குக்கண்ணாடியையும் படத்தையும் எடுத்து வந்தார். கோபித்துக்கொண்டு எங்களை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அவளுடைய தோடுகளைக் கழற்றச் சொன்னார். காதைப் பிடித்து, படத்தைப் பக்கத்தில் வைத்து, நகைக்கடைக்காரர் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நீண்ட நேரம் பார்த்தார்.

“நீ எனக்குத் தேத்தண்ணி தந்தனியெல்லோ,” என்றார்.

“ஓம் அம்மா.”

“சீனி காணுமோ எண்டு கேட்டனி.”

“ஓம்.”

“சீனியைக் கேக்க வாய் வந்தது உனக்கு.”

தாயார் போய் நாற்காலியில் இருந்தார். எங்களை இருக்கச் சொல்லவில்லை. அவள் நின்றபடியே சொல்லத் தொடங்கினாள். மருந்துப் பெட்டி, துணிச்சுருள்கள், கிணற்றடிப் பாட்டு. பாட்டைப் பற்றிச் சொன்னபோது தாயாரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. “அவனுக்குச் சுருதி எங்க இருந்தது,” என்றார். பிறகு செங்கண்மாரி, வராத வாகனம், மூன்றாம் நாள் மத்தியானம். திகதி.

தாயார் அதே இடத்திலிருந்து கோயில் ஐயருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார். அமாவாசையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் திகதியையும் ஆண்டையும் மட்டும் சொல்லி, என்ன திதி என்று கேட்டார். நல்ல நிருபர் ஒருவர் செய்வது அதுதான். ஐயர் சற்று இருங்கோ என்றார். ஏதோ தாள் புரளும் சத்தம், அல்லது கணினியின் சத்தம். “வளர்பிறைத் திருதியை, அம்மா,” என்றார்.

“அமாவாசை கழிஞ்சு மூண்டாம் நாளோ?”

“ஓம் அம்மா. அதுதான்.”

தாயார் போனை மடியில் வைத்தார். அழவில்லை. அவள்தான் அழுதாள். தாயார் அவளை இருக்கச் சொன்னார்.

பிறகு கேட்டார்: “எரிச்சதோ, தாட்டதோ?”

“எரிச்சது. கடற்கரையில.”

“ஆர் கொள்ளி வைச்சது?”

இதை அவள் எனக்கும் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்கத் தவறியிருந்தேன். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, கொள்ளி வைப்பதில்லை. எங்களில் அது கேள்வியாகவே வருவதில்லை. அதனால் எனக்கும் அந்தக் கேள்வி வரவில்லை.

“நான்தான், அம்மா. சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை. நீதானே அவன்ர சிநேகிதன், நீ வை எண்டு சொன்னவை. நான் ஏலாது எண்டு சொன்னால் ஏன் எண்டு கேப்பினம். வைச்சனான்.”

“குடத்தோட மூண்டு தரம் சுத்தி வந்தனியோ?”

“ஓம். பின்னுக்குத் திரும்பிப் பார்க்காமல் வைச்சனான். எல்லாம் சரியாத்தான் செய்தனான்.”

தாயார் எழுந்து குசினிக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு கோப்பைத் தேநீர் இருந்தது. அதை அவளுக்கு முன்னால் வைத்தார். எனக்குத் தரவில்லை.

“கொள்ளி வைச்ச ஆள்தான் திவசமும் குடுக்கவேணும்,” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “அம்மா, உங்கட மருமகன் இருக்கிறார். நான் எப்பிடி? ஐயர் ஒத்துக்கொள்ளமாட்டார். நாலு சனம் வரும். ஏன் இவ குடுக்கிறா எண்டு கேக்கும்.”

“கேக்கட்டும். நாப்பது வரியமா நான்தானே எல்லாரையும் கேட்டுக்கொண்டு திரியிறன். இனிச் சனம் கேக்கட்டும்.”

“என்ர மனுசனுக்கு ஒண்டும் தெரியாது, அம்மா.”

தாயார் நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணாடியைச் சரிசெய்து, அடுத்து வரும் அந்தத் திதியைத் தேடினார். ஏழு வாரங்கள் இருந்தன. பேனாவால் வட்டமிட்டார்.

“ஐயருக்கு நான் சொல்லுறன்,” என்றார். “உன்ர மனுசனுக்கு நீ சொல்லு.”

அவள் தேநீரை முழுவதும் குடித்தாள். போனை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனாள், கதவைச் சாத்தவில்லை. “நான் பிளேஸ்டோவில நிக்கிறன்,” என்று சொல்வது கேட்டது. “இல்லை, ஒண்டுமில்லை. பின்னேரம் வாறன். கடையைக் கொஞ்சம் வெள்ளனப் பூட்டிப்போட்டு வாங்கோ. ஒரு விசயம் சொல்லவேணும்.” மறுபக்கத்தில் கேள்வி வந்திருக்கவேண்டும். “எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் செத்துப்போனான்,” என்றாள். “கனகாலம். நான்தான் கொள்ளி வைச்சனான்.”